அளவெடுக்காத சட்டை

அப்பா தன் வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் பாத்திரம் கழுவினார். அம்மாவோடு போட்ட சண்டைக்குச் சமாதானமாக அவராகவே தொட்டிப் பக்கம் போனவர், முதல் கண்ணாடி டம்ளரையே உடைத்து, வலது கட்டைவிரல் நரம்பை அறுத்துக்கொண்டு திரும்பினார். "மீதிப் பாத்திரத்த நானே கழுவிக்கறேன் சாமி" என்றாள் அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டே.

அப்பா தையல்காரர். கட்டைவிரல் மடங்காத தையல்காரர், குரல் போன மேடைப் பேச்சாளர் மாதிரி. மரியாதை இருக்கும், வேலை இருக்காது. அறுவை சிகிச்சையின்போது கையை மட்டும் மரத்துப்போகச் செய்திருந்ததால் அப்பாவின் வாய் முழு நேரமும் விழித்திருந்தது. "இன்னும் கொஞ்சம் நெருக்கமாப் போடுங்க டாக்டர், பிரியாது" என்று படுத்தபடியே யோசனை சொன்னாராம். டாக்டர் கோபப்படாமல், "நூலை எங்க முடியணும்னும் சொல்லிடுங்க" என்றாராம். அன்றைக்கு அந்தப் பதிலில் விழுந்தவர்தான் அப்பா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் டாக்டர் என்றால் அவர் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் மாத்திரை எழுதுகிறவர்கள்.

அப்பாவைக் கட்டிலில் கிடத்தியிருந்தபோதும் சரி, பின்னால் பரிசோதனைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தபோதும் சரி, டாக்டர் அந்தக் கைமேல் கவிழ்ந்தே இருப்பார். "மடக்குங்க… இன்னும்… போதும், போதும்." தான் சொல்லும்வரை கத்தரிக்கோலைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடை பூட்டிக் கிடந்தது. அப்பா வீட்டில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விரலை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். "தேர்தல்ல ஜெயிச்சவர் மாதிரி சும்மா கட்டைவிரலக் காட்டாதீங்க" என்று அம்மா அதட்டுவாள். அவள் அந்தப் பக்கம் போனதும் அப்பா விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகத்தில் ஜெயித்த களை இல்லை.

கடைசிப் பரிசோதனை நெருங்கியது. கடை திறக்கலாமா, விரல் இவ்வளவுதானா என்பது அன்று தெரிந்துவிடும். "எதுவானாலும் அவருக்கு நன்றி சொல்லணும். நீதான் காலேஜ் பத்திரிகைல எழுதறியே, நாலு வரி எழுதிக் குடுடா" என்றார் அப்பா. உயிர்காத்த உத்தமரே என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அப்பா படித்துவிட்டு, "ஏன்டா, அவர் நல்லாத்தானே இருக்காரு?" என்று திருப்பிக் கொடுத்தார்.

இரண்டொரு நாளில், கல்லூரியிலிருந்து வரும்போது கடையின் கதவு பாதி இறங்கியிருந்தது. உள்ளே மெஷின் ஓடும் சத்தம். குனிந்து நுழைந்தேன். இளநீலத் துணியில் ஒரு சட்டை முக்கால்வாசி முடிந்திருந்தது. அப்பா என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோலை மடியில் ஒளித்தார், ஏதோ நான்தான் அவரைப் பெற்றவன் என்பதுபோல.

"உங்கம்மாகிட்ட சொல்லிடாத."

"டாக்டர்கிட்ட?"

"அவருக்குத்தான்டா தைக்கறேன்."

"அளவு?"

"நன்றி சொல்லப்போற ஆளு டேப்பத் தூக்கிட்டா போவான்? எத்தன தடவ பாத்திருக்கேன். கண்ணுலயே இருக்காரு."

பொத்தான் துளைகளுக்குக் காஜாவைக் கையால் போட்டார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தி விரலை உதறினார். ஊசி இரண்டுமுறை கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

பரிசோதனை அன்று அப்பா பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். "ஒரு… சட்டை" என்றார்.

டாக்டர் பிரித்தார். "யார் தைச்சது?"

அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத் தனியாக ஒரு அறுவை சிகிச்சை தேவைப்படும் என்று எனக்குப் பட்டது.

டாக்டர் சட்டையை விளக்குப் பக்கம் கொண்டுபோய் காஜாக்களை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். காலருக்குக் கீழே இருந்தது கோணல். அடுத்தது சுமார். கடைசி இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி. எக்ஸ்ரேயைக்கூட அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"சொன்ன பேச்சுக் கேக்காத ஆளு நீங்க" என்றார். பிறகு, "நாளைக்கே கடையத் திறங்க."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போட்டுத்தான் பாருங்களேன் டாக்டர்" என்றாள். டாக்டர் திரைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்து நின்றார். சட்டையின் முதுகில் காற்றடித்த மாதிரி ஒரு புடைப்பு. முன்பக்கம் இடுப்போடு நின்றுவிட, பின்பக்கம் முழங்காலை விசாரிக்கப் போய்க்கொண்டிருந்தது.

"கொஞ்சம் நிமிருங்க டாக்டர்" என்றார் அப்பா, குரல் இறங்கி.

"நிமிர்ந்துதானே நிக்கறேன்."

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். இத்தனை மாதமும் அவர் பார்த்தது குனிந்த டாக்டரை. கண்ணில் இருந்த அளவு அதுதான். "குடுங்க டாக்டர், பிரிச்சு சரி பண்ணிடறேன். கடை மானமே போச்சு."

"தொடாதீங்க" என்றார் டாக்டர், கத்தரிக்கோலைத் தடுத்த அதே குரலில். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். கையில் பெரிய கட்டோடு ஒரு சமையல்காரர். டாக்டர் சட்டையை மாற்ற மறந்து, அந்தக் கையை மேசைமேல் வைத்து, அதன்மேல் கவிழ்ந்தார்.

அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை. உள்ளே, விளக்கு வெளிச்சத்தில், அந்த இளநீல முதுகில் ஒரு சுருக்கம் இல்லை.