பேச்சியம்மா ஏறிய மேடு

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட சின்ன மோட்டார் சைக்கிளைச் சுடலைமுத்து வாங்கியிருந்தான். பெற்றோலில் எண்ணெயைக் கலந்து ஊற்றினால் ஓடும். நின்றுவிட்டாலும், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அவன் தோளுக்கு அது ஒரு பாரமே இல்லை.

"வெள்ளவத்தை அக்கா வீடு வரைக்கும் கால் தரையில படாமப் போகப்போறேன்" என்று அவன் பெண்டாட்டி பேச்சியம்மா கொட்டாஞ்சேனைக் குழாயடி முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அத்தனை பெண்களும் வேடிக்கை பார்க்க, பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

குழாயடியைத் தாண்டியதும் வரும் மேட்டில் பாதி ஏறுவதற்குள் வண்டி முக்கி முனகி நின்றுவிட்டது.

"இறங்கு புள்ள. ரெண்டு பேரை இழுக்காது."

"மாட்டேன். எல்லாரும் பாக்குறாளுக. ஒரு ஆளைத்தான் இழுக்கும்னா, எருமை கணக்கா இருக்கிற நீங்க இறங்குங்க."

அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இறங்கி, அவளை முன்னால் நகரச் சொல்லி, பக்கத்தில் நின்றபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை உதைத்துக் கிளப்பினான். வண்டி அவளைச் சுமந்துகொண்டு படபடவென்று ஏறியது. அவன் கூடவே ஓடினான். குழாயடியில் குலவைச் சத்தம் எழுந்தது. பேச்சியம்மா திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள்.

உச்சியில் அவன் வியர்வையில் குளித்து நின்றான். "மூட்டையாவது வாயை மூடிக்கிட்டு வரும்."

"அக்கா வீட்டுக்கு ஏழெட்டுப் படி ஏறணுமே, அங்க என்ன செய்வீங்க?"

"தூக்கிட்டுப் போறேன்."

"வண்டியையா?"

"ரெண்டையுந்தான். ஒழுங்கா உக்காரு."