வீட்டில் வசிப்போர்: இருவர்

1.

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். புடைவைக் கடைக்குள் வளர்ந்தவன் நான். கேட்காமலே விலையைக் கூட்டித் தருகிறவனைக் கண்டால் அவன் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார் என்பதுதான் எங்கள் வீட்டு ஞானோபதேசம். அப்படியிருக்க, 1988 கார்த்திகையில் டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் வசித்த குருசுமுத்துவுக்கு நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மகன் வீடு மாறியதாகத் தெரிகிறது; உறுதிப்படுத்திக் கையெழுத்திடுங்கள்; உங்கள் வாடகை உதவி கூடும்.

ஆள் குறைய, உதவி கூடுமாம்!

2.

தொடக்கம் ஒன்று: ‘பனி கொட்டிய காலையில் ஓர் ஏழைத் தகப்பன்...’ வேண்டாம். அன்றைக்குப் பனியே இல்லை.

தொடக்கம் இரண்டு: இறைச்சி ஆலையில் அரைநாள் வேலை முடித்து வந்த குருசுமுத்து கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு பின்பக்கத்தைத் திருப்பினார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. உடனே கோப்பன்ஹேகனுக்குத் தொலைபேசி.

“டேய் ஸ்ரிபன், நீ போனதை ஆரடா அவங்களுக்குச் சொன்னது?”

“நான்தான் அப்பா. புது அட்ரஸ் பதியத்தானே வேணும்.”

“பெத்த தகப்பனைக் காட்டிக் குடுத்திட்டாய்.”

“அப்பா, என்ர சம்பளமும் வீட்டுக்குள்ள வந்தபடியாத்தான் முந்திக் குறைச்சுத் தந்தவை. இப்ப நான் இல்லை, கூட்டித் தருவினம். ஹெல்ட் நொர்மால்ட், சாதாரண விசயம்.”

“சாதாரணமாக் காசு தாற அரசாங்கத்தை நீ எங்கையடா கண்டனீ?”

3.

அவருடைய பயம் காசைப் பற்றியதல்ல. மனைவி செலீனாவும் மகள் ஷாமிலாவும் மன்னாரில் இருந்தார்கள். அவர்களை அழைக்க விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருடம். ‘வீட்டில் வசிப்போர்: இருவர், நானும் மகனும்’ என்று அதில் எழுதியிருந்தார். அகதி விசாரணை அவருக்குக் கற்பித்த பாடம் ஒன்றே ஒன்று: சொன்னதை மாற்றாதே. மாற்றினால் பொய்யன், பொய்யனென்றால் திரும்பும் விமானம். இப்போது ‘ஒருவர்’ என்று கையெழுத்திட்டால், யாரோ ஒருவன் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான்.

செலீனாவின் கடிதங்களில் ஷாமிலா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்... இல்லை. கண்ணீரை இங்கே விற்கமாட்டேன்.

(அடைப்புக்குள் ஒரு குறிப்பு: கந்தோர்கள், அதாவது அரசு அலுவலகங்கள், அவ்வளவு சுறுசுறுப்பாக ஒன்றோடொன்று கதைப்பதில்லை. ஆனால் அந்த வருடங்களில் தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்கள் மேலிடத்தால் கிடப்பில் போடப்பட்டிருந்தன. பின்னாளில் அது வெளிவந்து அரசாங்கமே பதவி விலகியது. ஆகவே குருசுமுத்துவின் சந்தேகத்தில் வீடு சரி, கதவுதான் பிழை.)

4.

வியாழக்கிழமை நகரசபையில் கிர்ஸ்டன் என்ற பெண் அவர்முன் படிவத்தை வைத்துப் பேனாவை நீட்டினார்.

“உங்களுக்கு நன்மைதானே?”

“அதுதான் பயமாக்கிடக்கு,” என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, குருசுமுத்து பக்கத்து நாற்காலியில் எழுதிக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீர் என்ன எழுதுறீர்?”

“கதை, அண்ணை.”

“மகன் வெளிக்கிட்டுப் போயிட்டான் எண்டு அதிலயும் எழுதிப்போட்டீரோ?”

“முதல் பந்தியிலேயே.”

“நாசமாப் போச்சு. அப்ப இது மூண்டாவது தாள்!”

5.

சமாதானப்படுத்த, கதைக்கான சில முடிவுகளை அவர்முன் எடுத்து விரித்தேன்.

அ: கையெழுத்து வைக்கிறார். உதவி கூடுகிறது. செலீனாவின் கோப்பு அசையவில்லை.

ஆ: வைக்கவில்லை. உதவி நிற்கிறது, வீடு கைவிட்டுப் போகிறது. கோப்பு அசையவில்லை.

இ: ஸ்ரிபன் வேலையை விட்டுவிட்டு ரயிலேறி... (வெட்டிவிட்டேன். இருபது வயதுப் பிள்ளையை என் வசதிக்காகத் திருப்பி அனுப்ப எனக்கு உரிமையில்லை.)

குருசுமுத்து ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தார்.

“இதில செலீனா வாற முடிவு எது? அதைக் காட்டும், இப்பவே கையெழுத்து வைக்கிறன்.”

“அது என்னட்ட இல்லை, அண்ணை.”

“பிறகேன் வந்தனீர்?”

நான் எழுந்துவிட்டேன். கிர்ஸ்டன் இன்னும் பேனாவை நீட்டியபடிதான் இருக்கிறார். வாசகரே, என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். முடிவு ஏதும் வைத்திருந்தால் உடனே வெளியே எடுத்துவிடாதீர்கள். நீங்கள் எந்தக் கந்தோரிலிருந்து வந்தவர் என்று குருசுமுத்து முதலில் கேட்பார்.