படத்தின் இடது ஓரம்

கஞ்சிக்கோட்டில் ஒரு சின்ன விளம்பரக் கம்பெனியில் ஸ்ரீலேகாவுக்கு வேலை. ஏஐ எழுதித் தருவதையோ வரைந்து தருவதையோ அவள் அப்படியே வெளியே விடமாட்டாள். அந்தந்த இடத்து ஆளிடம் காட்டி, இது நிஜம்தானா என்று கேட்டுவிட்டுத்தான் போடுவாள். தன் நிழலைக்கூட ஆள் வைத்துச் சரிபார்க்கிறவள் என்று ஆபீசில் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டுமே.

அப்படிப்பட்டவள்தான் ஓணம் அவசரத்தில் ஒரே ஒரு தடவை கோட்டை விட்டாள். சக்குபள்ளத்தில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவே தன் வீட்டையே ராக்கப்பன் தங்கும் விடுதியாக நடத்துகிறார். விளம்பரத்துக்கென்று அவர் அனுப்பிய போட்டோ ஒடுக்கமாக இருந்தது. இணையப் பக்கத்துக்கோ அகலமான படம் வேண்டும். பக்கவாட்டில் நீட்டித் தரும்படி ஏஐயிடம் சொன்னாள். அதுவும் நீட்டித் தந்தது. இடது ஓரத்தில் பாசி பிடித்த கல்படிகள் இறங்கிப்போய்ப் பனியில் மறைந்தன. படியோரமாக ஒரு மஞ்சள் பெஞ்சு. அழகாகத்தான் இருந்தது, பாழாய்ப்போன அழகு. ராக்கப்பனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றிவிட்டாள்.

டிசம்பரில் புதுப் படங்கள் எடுக்க அவளே சக்குபள்ளம் வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். இடது பக்கம் படியும் இல்லை, பெஞ்சும் இல்லை. கொஞ்சம் ஏலச்செடி, அதற்கப்புறம் கிடுகிடு பள்ளம். இணையப் பக்கத்திலிருந்து அந்தப் படத்தை உடனே நீக்கிவிடலாம் என்று போனைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து சிவப்பிரகாஷ், அவன் மனைவி யோகப்பிரியா, குட்டி மகள் கிருத்திகா.

“ஏனுங்க, அந்த மஞ்ச பெஞ்சு எங்கீங்க?” என்றபடி இறங்கினாள் யோகப்பிரியா. “புள்ள வழியெல்லாம் அதே பேச்சுங்க. அதப் பாத்துத்தானுங்க இந்த ஊட்டையே புடிச்சோம்.”

ஸ்ரீலேகா முன்னால் வந்தாள். “அப்படியொரு வழியே இங்கே இல்லையாக்கும். அது நெஜப் படம் இல்லை. என்னோட தப்பு.”

ராக்கப்பன் திருதிருவென்று முழித்தார். “பெஞ்சா? அங்கிட்டு யாரும் போயிராதீக. விழுந்தா எலும்புகூடத் தேறாது.”

அப்போதுதான் எல்லோரும் காரைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்கதவு திறந்து கிடந்தது. கிருத்திகாவைக் காணோம்.

பனி அதற்குள் மளமளவென்று இறங்கிவிட்டது. யோகப்பிரியா மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அந்தக் கத்தல் பக்கத்திலேயே அமுங்கிப்போனது. ஸ்ரீலேகா முன்னால் ஓடினாள். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கொன்றது ஏஐ இல்லை, நான்தான் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கடைசிச் செடியையும் தாண்டி, பள்ளத்தின் விளிம்பில் நின்றிருந்தாள் கிருத்திகா. யாரிடமோ சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஸ்ரீலேகா அவளை இடுப்போடு வாரிக்கொண்டு பின்னால் விழுந்தாள். ஒரு கல் உருண்டு உள்ளே போனது. அது தரையைத் தொட்ட சத்தம் கேட்கவே இல்லை.

“எங்க கண்ணு போன?” தாய் அழுதாள்.

“பெஞ்சுக்குத்தாம்மா. அங்க ஒரு அக்கா உக்காந்திருந்தாங்க. இன்னும் எறங்கட்டுங்களான்னு கேட்டேன். வேண்டாம், இதுக்கு மேல படி வரையலைன்னாங்க.”

அந்தப் படிகள் வெறுமனே வரைந்தவை என்று குழந்தையிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஸ்ரீலேகா அவள் செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். சுற்றிலும் செம்மண் சேறு. செருப்பின் அடியில் பச்சைப் பாசி மட்டும்.

வாசலுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் படத்தை அழித்தாள். பழைய ஒடுக்கமான போட்டோவையே போட்டாள்.

“இதப் போட்டா ரூமுக்கு ஆளு வராதேம்மா,” என்று இழுத்தார் ராக்கப்பன்.

“வரலைன்னா போகட்டும் அண்ணா.”

‘வீட்டின் இடப்புறம் ஆழமான பள்ளம். குழந்தைகளின் கையை விடாதீர்கள்’ என்று தன் கையாலேயே எழுதினாள். மலையாளத்துக்கு மாற்ற மட்டும் ஏஐயிடம் கொடுத்தாள். வந்ததை ராக்கப்பனுக்கு வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே ஏற்றினாள்.

அங்கே தங்க யோகப்பிரியாவுக்கு மனசில்லை. கார் கிளம்பும்போது கிருத்திகா கண்ணாடியை இறக்கினாள்.

“மிச்சப் படிய எப்ப வரைவீங்கன்னு அந்த அக்கா கேக்கச் சொன்னாங்க.”

“இனிமே வரைய மாட்டேன் கண்ணா. அந்தப் படத்தையே அழிச்சுட்டேன்.”

கிருத்திகா இடது பக்கத்துப் பனியைப் பார்த்து, “அழிச்சுட்டாங்களாம்!” என்று கத்தினாள். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். அவள் முகம் வாடிப்போனது.

“அப்ப நான் எங்க போறதுன்னு அழுவறாங்க.”