பின்சீட்டில் ஒரு ஸ்பீக்கர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் எங்கள் குடும்பத்து அம்பாசிடர் வண்டியை விற்றோம். வாங்க வந்தவர் விளாத்திகுளத்துப் பருத்தி வியாபாரி. டயரைத் தட்டினார், பானெட்டைத் தூக்கினார், கடைசியில் பின்கண்ணாடிக்குக் கீழே பார்த்து நின்றுவிட்டார். அங்கே தேயிலைப் பெட்டிப் பலகையில் வட்டமாகத் துளை போட்டு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பதித்திருந்தது.

"கார்ல ரேடியோ முன்னாலதான இருக்கும். பின்னால எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு பெரிசு?"

"பாட்டில் பிரியம்" என்றேன்.

எங்கள் வீட்டில் யாருக்கும் பாட்டில் அப்படியொரு பிரியம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனை பாடுவதோடு சரி. பொய் சொல்வதும் எங்கள் வழக்கம் இல்லை. சொல்லாமல் விடுவது உண்டு. அறுபத்தெட்டு வயதில் முன்பின் தெரியாத ஒருவரிடம் பொய் சொன்னது உறுத்தியது. உண்மையைக் காகிதத்திலாவது எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, உண்மை எது என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது.

2

முதல் தொடக்கம்:

"அதிகாலை ஒளியில் தூத்துக்குடிக் கடல் முத்துப்போல்"

(வேண்டாம். கதை நடந்தது பிற்பகலில். கடைசியாக முத்துச்சிப்பி ஏலம் நடந்த வருடம் ஊரே கடற்கரையில் நின்றபோது நான் நாசரேத்தில் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். முத்தைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.)

இரண்டாவது தொடக்கம்:

"ஏசுவடியானின் வண்டியில் ரேடியோ சரியில்லை."

(இது அடுத்த பொய். ரேடியோ நன்றாகவே இருந்தது. ஏசுவடியானின் மனைவி ஞானபாய்க்குத்தான் காது கேட்கவில்லை. இந்த ஒரு வரியை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. பெயர்களை மாற்றியிருக்கிறேன் என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.)

இனி மறைக்க ஒன்றும் இல்லாததால் கதையைத் தொடங்கலாம்.

3

1974-ஆம் வருடம். ஏசுவடியான் ஒரு கப்பல் ஏஜென்ட் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. கம்பெனி கழித்த வண்டியை வாங்கி வைத்திருந்தார். அந்த வண்டிக்குச் செய்யும்போதே டேஷ்போர்டில் ரேடியோ வைத்து, அதற்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்பீக்கரும் கொடுத்திருந்தார்கள். வருடம் தவறாமல் தபாலாபீசில் ரேடியோ லைசென்சு கட்டிவிடுவார். ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்பும்போது இலங்கை வானொலி வைப்பார். ஞானபாய் எப்போதும் பின்சீட்டில்.

"கேக்கா?"

"என்னமோ முனங்குது. கூட்டி வையுங்க."

கூட்டினார். மறு வாரமும் கூட்டினார். நவம்பர் மாதம் குமிழ் அதற்கு மேல் திரும்ப மறுத்தது. வண்டி செய்தவன் முன்சீட்டுக்கு மட்டும் கேட்கும்படி செய்திருக்கிறான் என்று முடிவு கட்டினார். அதை உண்மையாகவே நம்பினார்.

பிறகு ஒரு ஞாயிறு, கோவில் வாசலில் குருவானவர் பின்னாலிருந்து இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் ஞானபாய் திரும்பாமல் நடந்து போனாள். "அவளுக்குத் தலைவலி" என்று ஏசுவடியான் குருவானவரிடம் சொன்னார். அன்று வண்டியில் ரேடியோ வைக்கவில்லை.

ஞானபாயின் அம்மாவுக்கும் ஐம்பது தாண்டியதும் இப்படித்தான் ஆனது. ஒருத்திக்கு வந்தால் நோய். இரண்டு பேருக்கு வந்தால் ஊர் அதற்கு 'குடும்பத்தில் உள்ளது' என்று பெயர் வைக்கும். அவர்களுடைய ஒரே மகள் தேவகனிக்கு இருபத்தெட்டு வயது, பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு சம்பந்தம் வந்து தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகச் சாத்தான்குளத்திலிருந்து ஒரு கடிதம். பையன் பாங்கில் வேலை. ஜனவரியில் அப்பாவும் அம்மாவும் பெண் பார்க்க வருகிறார்கள். பையனின் அம்மா கிருபாபாய்க்குப் புதிதாகத் திறந்த துறைமுகத்தைப் பார்க்க ஆசையாம். பிற்பகல் கூட்டிப்போய்க் காட்ட முடியுமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தார்கள்.

வீட்டைச் சமாளிக்கலாம். தேவகனி அம்மாவின் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் திருப்பிச் சொல்வாள். வண்டியில் என்ன செய்வது? பெண்பிள்ளையைச் சம்பந்தி வீட்டாரோடு ஊர் சுற்ற அனுப்புகிற வழக்கம் இல்லை. பின்சீட்டில் இரண்டு பெண்கள், தோளோடு தோள், போக அரை மணி, வர அரை மணி.

4

ரேடியோ ரிப்பேர்க் கடை இசக்கியப்பன் வண்டிக்குள் உட்கார்ந்து குமிழைத் திருப்பிப் பார்த்தார். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, இது தெரு முக்கு வரைக்கும் கேக்கு. இன்னும் யாருக்குக் கேக்கணும்? கொழும்புல பாடுதவனுக்கா?"

"பின்சீட்டுக்குக் கேக்கணும்."

"பின்சீட்டுல என்ன, ஆனையா உக்காருது?"

ஏசுவடியானின் முகத்தைப் பார்த்து இசக்கியப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு ஜப்பான் செட்டு இருக்கு. கேசட்டு போடலாம். நேத்துதான் இறங்குச்சு. பில்லு மட்டும் கேக்காதிய."

"பில் இல்லாத சாமான் என் வண்டியில ஏறாது."

"அப்ப பில்லோட வாங்குங்க."

"அவ்வளவுக்கு எங்கிட்ட இல்ல."

"பின்ன எப்படி?" என்று கேட்டுவிட்டு இசக்கியப்பன் தலையைச் சொறிந்தார். சொறிந்த பிறகு வேலையைத் தொடங்கினார்.

உயிர்போன பழைய வால்வு ரேடியோ ஒன்றிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றினார். தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்துத் துளை போட்டார். பலகைக்குப் பின்னால் இலவம்பஞ்சை அடைத்தால் சத்தம் கனமாக வரும் என்றார். ஏசுவடியான் வீட்டுத் தலையணை ஒன்று அதற்குப் போயிற்று. மாட்டிப் பார்த்தால் சத்தம் முன்னைவிடக் குறைந்திருந்தது. அவ்வளவு பெரிய ஸ்பீக்கரைத் தள்ள அந்த ரேடியோவுக்குத் தெம்பு இல்லை. மறு வாரம் மைக்செட்காரர் கழித்த ஆம்ப்ளிபயர்* ஒன்றைத் தேடிப்பிடித்து முன்சீட்டுக்கு அடியில் முடுக்கினார்.

"இப்பம் வையுங்க."

வைத்தார். எதிர்க்கடை மாடியிலிருந்த புறாக்கள் எல்லாம் எழுந்து போயின.

(* மைக்செட் ஆம்ப்ளிபயர் கார் பாட்டரியில் ஓடும், கல்யாண வீட்டுக்குப் போகிற மைக்செட்காரர் பாட்டரியும் கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். அது பாட்டரியை எவ்வளவு வேகமாகக் குடிக்கும் என்பதை இசக்கியப்பன் சொன்னாரா, ஏசுவடியான் கேட்க மறந்தாரா என்பது தெரியவில்லை.)

5

இந்த இடத்தில் ஒரு பாத்திரம் கதைக்குள் வருகிறது. பெயர் தேவபிரசாதம். ஞானபாயின் அண்ணன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இவர் தேவைதானா என்று எனக்குச் சந்தேகம். இவரை எடுத்துவிட்டு ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். கதை சுருக்கமாகவும் மரியாதையாகவும் இருந்தது. ஆனால் முன்சீட்டு காலியாக இருந்தது. எவ்வளவு எழுதியும் அந்தக் காலிச் சீட்டு கண்ணை விட்டுப் போகவில்லை. ஆகவே உட்காரட்டும்.

புது ஸ்பீக்கரைச் சோதிக்க மூன்று பேரும் ஆத்தூர் பக்கம் போனார்கள். ஏசுவடியானின் எண்ணம் எளிமையானது: சத்தம் போதுமானதாக இருந்தால் ஞானபாய்க்குக் கேட்கும், கேட்டால் பிரச்சினை தீர்ந்தது. பாட்டு காதைப் பிளந்தது.

"பாலம் வருது, மெதுவாப் போங்க மாப்பிள்ளை!" என்று கத்தினார் தேவபிரசாதம்.

"என்ன மச்சான்?"

"மெதுவா! மெதுவா!"

பின்னாலிருந்து ஞானபாயின் குரல் இரண்டையும் மிஞ்சி வந்தது: "அதான் அண்ணன் சொல்லுதாவல்லா! மெதுவாத்தான் போனா என்ன!"

ஏசுவடியான் வண்டியை ஓரங்கட்டினார். அவளுக்குக் கேட்டிருக்கிறது. கேட்டது பாட்டு அல்ல. அண்ணன் போட்ட கூச்சல். இந்தச் சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேச வேண்டும். கத்திப் பேசினால் ஞானபாய்க்குக் கேட்கும். பதில் பிசகினாலும் சத்தத்தின் தலையில் போட்டுவிடலாம். இந்த வண்டிக்குள் யார் செவிடு என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஏசுவடியான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று ஞானபாய்க்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

(இது சம்பந்தி வீட்டாரை ஏமாற்றுவதாகாதா? ஆகும். தலைமையாசிரியராக இருந்தவர் உடந்தையாகலாமா? கூடாது. தாயின் காதை மகளின் குறையாக்கிப் பேசுகிறவர்கள் இருக்கும்வரை இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.)

6

"ஏசுவடியான் அன்று காலை ஜெபத்தில் கேட்டது என்னவென்றால்"

(தெரியாததை எழுதக் கூடாது.)

பெண் பார்க்க வந்த அன்று பையனின் அப்பா சாப்பாட்டுக்குப் பின் வீட்டிலேயே கண் அசந்துவிட்டார். வண்டியில் நான்கு பேர்: முன்னால் ஏசுவடியானும் தேவபிரசாதமும், பின்னால் இரண்டு பெண்களும். அந்த நேரத்தில் இலங்கை வானொலியில் சினிமாப்பாட்டு. அதுவும் காதல் பாட்டு. பையனின் அம்மா கிருபாபாய் சாத்தான்குளத்துச் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் பொறுப்பில் இருப்பவர். ஏசுவடியானின் கை குமிழின் மேல் ஒரு நொடி நின்றது. பிறகு முழுவதும் திருப்பிவிட்டார்.

"மைனி!" கிருபாபாய் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். "இது காரா, கல்யாணப் பந்தலா?"

"பந்தல் இனிமேத்தான மைனி போடணும்!" என்று ஞானபாய் திருப்பிக் கத்தினாள்.

கிருபாபாய் சீட்டில் சாய்ந்து சிரித்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்த ஏசுவடியானுக்கு உடம்பெல்லாம் இறகாயிற்று. துறைமுகம் பார்த்தார்கள். கப்பல் பார்த்தார்கள். காற்று அள்ளிக்கொண்டு போனதால் அங்கேயும் எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள். எல்லாம் கூடி வந்தது.

திரும்பும்போது உப்பளத்துப் பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது. பெட்ரோல் விலை ஏறிய பிறகு கேட்டில் நின்றால் என்ஜினை அணைப்பது ஏசுவடியானின் வழக்கம். அணைத்தார். ரேடியோவை அணைக்கவில்லை. சரக்கு ரயில் வர இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை ஸ்பீக்கர் பாட்டரியைக் குடித்துக்கொண்டே பாடியது. கடைசிப் பெட்டி தாண்டி, கேட் தூக்கி, சாவியைத் திருப்பினால், என்ஜின் ஒரு தடவை முனகியது. பாட்டு இழுத்துக்கொண்டே போய் நின்றது.

நிசப்தம்.

ஏசுவடியான் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கி அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டார். கிருபாபாய் ஞானபாயின் பக்கம் திரும்பி, கத்தத் தேவையில்லாததால் சாதாரணக் குரலில், ஏதோ கேட்டார். ஞானபாய் ஏதோ சொன்னாள். பிறகு இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

ஏசுவடியான் முன்சீட்டு ஜன்னலுக்கு வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"மச்சான், உள்ள என்ன பேசுனாவ?"

"நல்லபடியாத்தான் பேசிட்டிருந்தாவ" என்றார் தேவபிரசாதம்.

பிறகு கேட் கீப்பரும் தேவபிரசாதமும் சேர்ந்து வண்டியைத் தள்ளினார்கள்.

7

அடுத்த வாரமே சம்மதக் கடிதம் வந்தது. மே மாதம் கல்யாணம். கல்யாண வீட்டில் ஏசுவடியான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நீங்க சொன்ன அந்த ஒத்த வார்த்தைலதான் மச்சான் நான் வீடு வந்து சேர்ந்தேன்" என்றார்.

ஆம், தேவபிரசாதம் நான்தான். இதற்குள் நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

மாப்பிள்ளை ஏசுவடியான் போன வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதனால்தான் வண்டியை விற்றோம். ஆக, அந்தப் பின்சீட்டில் என்ன நடந்தது என்று எழுத வேண்டியவன் நான் ஒருவன்தான். எழுதிப் பார்த்தேன்.

கிருபாபாய் என்னவோ கேட்க, ஞானபாய் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு சரியான பதில் சொன்னாள். குடும்பத்துக்கு ஏற்ற முடிவு. ஆனால் அப்படிச் சிரிக்க அதில் என்ன இருக்கிறது?

சரி, ஞானபாய் சம்பந்தமில்லாத பதில் சொன்னாள். கிருபாபாய்க்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கியும் பெண் எடுத்தார். அப்படியானால் எங்கள் வீட்டு மானம் ஐந்து வருடமாக அந்த அம்மாளின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அவர்கள் முன்னால் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். அது அந்த அம்மாள் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்தால்

(விட்டுவிடுகிறேன்.)

இன்னொன்றும் எழுதினேன். இரண்டு தடவை கிழித்துவிட்டு மூன்றாம் தடவையாக எழுதுகிறேன். ஞானபாய் தன் காதைத் தொட்டுக் காட்டி, "எனக்கு இது மந்தம் மைனி. அதுக்குத்தான் இந்த ரெண்டு பேரும் இவ்வளவு கூத்துக் கட்டிக்கிட்டு வாராவ" என்று சொல்லியிருப்பாள். என் தங்கச்சி அப்படிச் சொல்லக்கூடியவள்தான். சிரிப்புக்கும் இதுதான் பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதால் உண்மையாகிவிடுமா?

8

நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். வகுப்பில் ஒரு பையன் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் நானே அதைக் கேட்டிருப்பேன். ரேடியோ நின்றுவிட்டது. என்ஜின் நின்றுவிட்டது. ரயிலும் போய்விட்டது. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் இரண்டு முழத் தூரம். பிறகு ஏன் முடிவைத் தேடிக்கொண்டிருக்கிறீர்?

எங்கள் அம்மாவுக்கு ஐம்பத்தைந்தில் வந்தது. தங்கச்சிக்கு ஐம்பத்துமூன்றில். எனக்கு

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும்.)

திரும்பிப் பார்த்தேன். இரண்டு வாயும் அசைந்தன. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மாப்பிள்ளை ஜன்னலில் நின்று கேட்டபோது "எனக்கு விளங்கலை" என்று சொல்லியிருக்கலாம். அவர் வேறு எதற்கும் என்னை நம்பியதில்லை. அன்று அதற்கு மட்டும் நம்பினார்.

ஞானபாயிடம் இப்போதும் கேட்கலாம். அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். கேட்டால் சொல்வாள். நான் "என்ன?" என்பேன். திரும்பவும் சொல்வாள். மறுபடியும் "என்ன?" என்று கேட்க வேண்டிவரும். அதனால் கேட்கவில்லை.

மூன்று முடிவும் உங்கள் கையில் இருக்கின்றன. நான்காவது ஒன்று தோன்றினாலும் சரி. எது என்று எழுதி அனுப்புங்கள். தயவுசெய்து நேரில் வந்து சொல்ல வேண்டாம்.