டம்ளரில் இரண்டு கிளைகள்

மாமியார் மெச்சின மருமகள் இல்லை என்பார்கள். நானும் மெச்சியதில்லை. நான் பெட்டி கட்டும் தொழிற்சாலையில்தான் என் மருமகள் பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு செய்கிறாள். அங்கே நாங்கள் செய்வது செயற்கைக் கிறிஸ்துமஸ் மரங்கள். இருபத்திரண்டு வருடமாக அவற்றை மடக்கி, உறை போட்டு, ஊர் ஊராக அனுப்புகிறேன். நிஜம் எது, பிளாஸ்டிக் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று ஒரு திமிர் எனக்கு.

அதுவரை பச்சைப் பிளாஸ்டிக் தாளை மெல்லிசாகச் சீவிக் கம்பியில் முறுக்கித்தான் கிளை செய்வோம். தூரத்தில் பார்த்தால் மரம், கிட்டே போனால் பாட்டில் கழுவும் பிரஷ். அவளுக்கு அது பொறுக்கவில்லை. பைன், ஸ்ப்ரூஸ், ஃபிர் என்று மூன்று வகைக் கிறிஸ்துமஸ் மரங்களின் நிஜக் கிளைகளைச் சமையலறை ஜன்னலில் டம்ளர் தண்ணீரில் போட்டுவைத்து, எனக்கே பாடம் எடுத்தாள்.

“பைன்னா இலை ஊசி ஊசியா கொத்தா வரும் அத்தை. ஸ்ப்ரூஸ் ஒத்தை ஒத்தையா வரும், விரல்ல உருட்டினா உருளும். இது ஃபிர். தட்டை இலை, உருளாது.”

“பால் பொங்குது, அதை முதல்ல பாரு” என்றேன்.

அந்த ஃபிர் கிளையைத்தான் அச்சில் வார்த்தாள். ஓர் இலை வளைந்து, இரண்டு பழுத்து, அடிப்பக்கம் வெளிறி வந்தது. முதலாளி முகம் சுளித்தார். “வாடினது மாதிரி இருக்கு. ஒரே சீரா, பளபளன்னு வேணும்.” அவள் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் அவர் ஒரு கெடு வைத்தார். வெள்ளிக்கிழமை வெளிநாட்டு வியாபாரி கையில் மாதிரிக் கிளை இருக்க வேண்டும். அவருக்குப் பிடித்தால் அவள் அச்சு. இல்லையென்றால் அவள் பழையபடி சீவும் மிஷினுக்குப் போக வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு ஓடும்போது சொன்னாள்: “நிஜ ஃபிருக்குப் பக்கத்துலயே டம்ளர்ல வச்சிருக்கேன் அத்தை. அச்சுக் கிளையை நீங்களே கட்டி அனுப்பிடுங்க. நீங்க கட்டினா நசுங்காது.”

எனக்கு அன்று மூக்கடைப்பு, கையில் பெட்டி கட்டும் கையுறை. டம்ளரில் அன்று இரண்டே கிளைகள். ஒன்று ஒரே சீராகப் பளபளத்தது. இன்னொன்றில் பழுத்த இலை. கெடுவுக்குப் பயந்து முதலாளி சொன்னபடி மாற்றிவிட்டாள் போல என்று நினைத்து, பளபளத்ததை எடுத்துக் கட்டி அனுப்பினேன்.

புதன்கிழமை முதலாளி பெட்டிக்கூடத்துக்கே வந்து கத்தினார். வியாபாரியின் நாட்டு விமான நிலையத்தில் பெட்டியை நிறுத்திவிட்டார்களாம். உயிருள்ள தாவரமாம், அனுமதிச் சீட்டு இல்லையாம். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. “அதிகாரியே ஏமாந்துட்டார் பாருங்க” என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை.

“கிள்ளிப் பார்த்திருப்பாங்களே அத்தை.”

சாப்பாட்டு வேளையில் வீட்டுக்கு ஓடி, டம்ளரில் மிச்சமிருந்த கிளையை நகத்தால் கீறினேன். பிளாஸ்டிக். நான் அனுப்பியது, ஒப்பிட்டுப் பார்க்க அவள் புதிதாக மாற்றிவைத்திருந்த நிஜக் கிளை. மூன்று நாளாகப் பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் தப்பும், அவள் சீவும் மிஷினுக்குப் போவாள். டம்ளரைத் தண்ணீரோடு தூக்கிக்கொண்டுபோய் முதலாளி மேசையில் வைத்தேன்.

“நான் அனுப்பினது நிஜக் கிளை. இதுதான் இவ செஞ்சது. நீங்க கேட்ட மாதிரி ஒரே சீரா பளபளன்னு இருந்ததைத்தான் பிளாஸ்டிக்னு நினைச்சு எடுத்தேன். இருபத்திரண்டு வருஷக் கண்ணு இது. இதையே ஏமாத்திட்டா. சீவுற மிஷினுக்கு ஆள் வேணும்னா நான் போறேன்.”

அவர் கிளையை முகர்ந்தார். இலையை உருட்டிப் பார்த்தார். வளைந்த இலையை நிமிர்த்தினார், அது திரும்ப வளைந்துகொண்டது. பிறகு போனை எடுத்து, மறுநாள் விமானத்தில் தனக்கு ஒரு டிக்கெட் போடச் சொன்னார்.

“நானே கையோட கொண்டுபோறேன். அந்த டம்ளரையும் குடுங்க.”

வாசலில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். “என்னைப் பாராட்டினீங்களா அத்தை?”

“ஏமாந்தேன்னு சொன்னேன்” என்றேன். அதற்கே அவள் கண் கலங்கியது, என் கண்ணும்தான்.

வெள்ளிக்கிழமை முதலாளியிடமிருந்து போன் வந்தது. பழுத்த இலையை எடுத்துவிடக் கூடாது என்று வியாபாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். இப்போது ஒவ்வொரு பெட்டியின் மேலும், ‘உள்ளே இருப்பது பிளாஸ்டிக்’ என்று கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். என் மருமகள் செய்தது என்று எழுத அதில் இடமில்லை. அதனால் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.