தடுக்காமல் விட்ட இரண்டு

லூபோக் சீனா என்ற ஊரின் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரிகள் அன்று பிற்பகல் எண்ணெய் மில் வாசலில் வரிசை கட்டி நின்றன. நடுவில் நின்ற லோரிக்குள் உட்கார்ந்து அதன் ஓட்டுநர் வடிவேலு மனைவியின் எண்ணையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தான். திலகா வளைகுடா நாடொன்றில் தாதி. அவள் இருக்கும் நகரத்தின் மீது ஏவுகணைகள் பாய்ந்ததாகச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மணி அடிக்கவேயில்லை.

மில்லின் மின் பொறியாளன் காண்டீபன் அவ்வழியே வந்தான். இருவரும் ஞாயிறுதோறும் ஒன்றாகப் பூப்பந்து ஆடுகிறவர்கள். நண்பனின் முகத்தைப் பார்த்ததும் ஏறி அருகில் உட்கார்ந்தான்.

“நிறைய தடுத்துட்டாங்களாம் காண்டீ. ரெண்ட மட்டும் தடுக்கலையாம். அந்த ரெண்டும் எங்க போச்சு?”

காண்டீபன் கைபேசியை வாங்கிச் செய்தியைப் படித்தான். “சரியா படி லா. தப்பிப் போச்சுன்னு போடல. தடுக்காம விட்டாங்கன்னுதான் போட்டிருக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்ல. ஏவுகணை மேல வந்ததுமே ராடார் பிடிச்சிடும். வேகத்தையும் திசையையும் வெச்சு, எங்க விழும்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுடும். ஊருக்குள்ள விழும்னாதான் எதிர் ஏவுகணைய விடுவாங்க. மணல்லயோ கடல்லயோ விழும்னா பேசாம விட்டுடுவாங்க. கையில இருக்கிறதே கொஞ்சம், வீணாக்க முடியாது.”

“எங்கேருந்து விடுவாங்க?” பேச்சு நின்றால் பயம் வந்துவிடும் என்றே வடிவேலு கேட்டான்.

“தரையிலேருந்துதான். இந்த மாதிரி பெரிய லோரி மேல குழாயைத் தூக்கி நிறுத்தியிருப்பாங்க. அதுலேருந்து சீறிக்கிட்டுப் போகும். கீழேருந்து ராடார் வழி சொல்லிக்கிட்டே இருக்கும். கிட்டப் போனதும் அதோட மூக்குல இருக்கிற கருவியே குறி பார்த்துக்கும். சிலது பக்கத்துல போய் வெடிக்கும். சிலதுக்கு வெடிமருந்தே வேணாம், அந்த வேகத்துல மோதினாலே எதிரே வர்றது நொறுங்கிடும்.”

“நொறுங்கின துண்டு?”

காண்டீபனுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. “விழும். அதனாலதான் எல்லாரையும் உள்ள இருக்கச் சொல்றாங்க. திலகா உள்ளதானே இருப்பா?”

“அது அவ நைட் டூட்டி முடிஞ்சு பஸ் ஏறுற நேரம்டா.”

வடிவேலு கைபேசியைத் திரும்ப வாங்கி மறுபடியும் அவள் எண்ணை அழுத்தினான். கைபேசி அலறியபோது வடிவேலு அதைக் கீழே தவறவிட்டு, மிதிகட்டைக்கு அடியில் துழாவி எடுத்தான்.

“என்னங்க, சாப்பிட்டீங்களா?” திரையில் திலகா. முகக்கவசம் கழுத்தில் தொங்கியது.

“ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?” என்று கத்தியவனின் குரல் பாதியிலேயே உடைந்தது.

“பஸ்ல ஏறப் போனோம், சைரன் அடிச்சிடுச்சு. திரும்பி ஓடி, பிள்ளைங்க வார்டை அப்படியே கீழ்த்தளத்துக்கு இறக்கினோம். அங்க லைன் கிடைக்கல. மேல இடி இடிச்ச மாதிரி சத்தம். எல்லாம் தடுத்த சத்தமாம். ரெண்டு மட்டும் பாலைவனத்துல விழுந்துச்சாம், யாருக்கும் ஒண்ணும் ஆகல. அழாதீங்க, எனக்கு ஒரு கீறல்கூட இல்ல.”

காண்டீபன் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டான். முன்னால் வரிசை நகர்ந்திருந்தது. பின்னாலிருந்து ஹாரன் கேட்பதற்குள் அவன் சாலையில் நின்று, மற்ற லோரிகளைச் சுற்றிப் போகச் சொல்லிக் கைகாட்டினான்.

வடிவேலு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

“சொல்லு, முதல்லேருந்து சொல்லு” என்றான்.