மண்டபம் நிறைந்துவிட்டது

ஆரபி அந்தப் பொய்யைத் தொலைபேசியில்தான் சொன்னாள். நேரில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன் என்று பிற்பாடு பலமுறை தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தாள். அது உண்மையா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

ஒஸ்லோவில் பிறந்து, நகரின் ஓரத்தில் ஹவுகன்ஸ்டுவா பகுதி அடுக்குமாடியில் வளர்ந்தவள் அவள். வயது முப்பத்திரண்டு. சர்வதேச அரசியல் படித்துவிட்டு, நகர மையத்தில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை செய்கிறாள். முகங்கொடுத்துப் பேசாத நாடுகளை ஒரு மேசையில் உட்காரவைத்துப் பேசவைப்பதுதான் அந்த நிறுவனத்தின் தொழில். அவளுடைய அப்பா மகேந்திரராசா முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தமிழ்ச் சங்கத்தில் யாரைக் கண்டாலும், "மகள் வெளிநாட்டு விவகாரத்திலை இருக்கிறா" என்று தொடங்கிவிடுவார். தான் அமைச்சில் இல்லை என்று அவள் எத்தனை தரம் சொல்லியும் அவர் கேட்டதில்லை.

அந்த மாசி மாதம் ஈரானிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு ஒன்று வருவதாக இருந்தது. குழுத் தலைவர் ஒரு முன்னாள் தூதர். பெயருக்கு ஏதோ ஓர் ஆய்வு மையத்தில் இருந்தாலும் அரசாங்கத்துக்கு மிக வேண்டியவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அணுத் திட்டம், பொருளாதாரத் தடைகள், வளைகுடாவில் ஓடும் கப்பல்கள் என்று இரண்டு நாள் பேச்சு, பூட்டிய அறைக்குள். அதற்கு முந்தைய பிற்பகல் ஒரு பொதுக் கருத்தரங்கு. பெயரைப் பதிந்துகொண்டால் யாரும் வரலாம், கேள்வி கேட்கலாம். ஆரபியின் மேலாளர் ஹன்னா ஒன்பது மாதம் கடிதம் எழுதி, விமானம் ஏறி இறங்கி, இந்தச் சந்திப்பைக் கூட்டியிருந்தார்.

கருத்தரங்குக்கு முதலில் பதிந்த பெயர் மஹ்தாப்.

மஹ்தாப் ஆரபியின் பெற்றோர் வீட்டுக்கு நேர் கீழ்த் தளத்தில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறார். ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் மருந்தாளராக வேலை. சிறுவயதில், அப்பாவும் அம்மாவும் வேலையிலிருந்து வரும்வரை, ஆரபி பாடம் படித்தது மஹ்தாப் அன்ரியின் சமையலறை மேசையில்தான். அவருடைய அண்ணன் பெஹ்ரூஸ் ஈரானின் கராஜ் நகரத்தில் பள்ளிக்கூட ஆசிரியர். ஆசிரியர்களின் ஊர்வலம் ஒன்றில் பிடித்துக்கொண்டு போய் ஐந்து வருடம் சிறை என்று தீர்ப்பளித்திருந்தார்கள். இரண்டு வருடம் கழிந்திருந்தது. சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருந்தது. மஹ்தாப் எழுதாத அலுவலகம் இல்லை. சனிக்கிழமைகளில் பாராளுமன்றத்துக்கு முன்னால் அண்ணனின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆனால் அந்த அரசாங்கத்தின் ஆள் ஒருவர் அவருடைய குரல் எட்டும் தூரத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"ஒரே ஒரு கேள்வி, ஆரபி ஜான்" என்றார் நோர்வேஜிய மொழியில், தன் தாய்மொழியான பார்சியின் செல்லச்சொல்லையும் சேர்த்து. "சண்டை போட மாட்டேன். அண்ணனின் பெயரைச் சொல்வேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்களா என்று கேட்பேன். அவ்வளவுதான்."

"மைக்கைக் கொண்டு திரியப்போவது நான்தான். முதல் கேள்வி உங்களுக்கு" என்று ஆரபி வாக்குக் கொடுத்தாள்.

ஈரானிய விருந்தினர்கள் வருகையாளர் பட்டியலைக் கேட்டார்கள். வழக்கமான நடைமுறைதான். ஆரபிதான் அதை மின்னஞ்சலில் அனுப்பினாள். அனுப்பும்போது அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

கருத்தரங்குக்கு மூன்று நாள் இருக்கையில் ஹன்னா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பட்டியலில் ஒரு பெயரைக் குறித்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண் மண்டபத்தில் இருந்தால் தாங்கள் வரமாட்டார்களாம்."

"அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. எனக்கு அவரைத் தெரியும்."

"தெரியும் என்பதால்தான் உன்னிடம் கேட்கிறேன்." ஹன்னாவின் கழுத்து சிவந்திருந்தது. "இது குழம்பினால் இரண்டு நாள் பேச்சும் குழம்பும். அந்த அறையில் கைதிகளைப் பற்றிக் கதைப்பதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறோம். ஒருவருடைய கேள்விக்காக அதை இழப்பதா? மண்டபம் நிறைந்துவிட்டது என்று சொல். அவரைப் புண்படுத்தாத காரணம் அதுதான்."

ஆரபி மறுத்திருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு வந்தாள். கைதிகளைப் பற்றி அறைக்குள் கதைப்பார்கள் என்ற வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள்.

"துரதிர்ஷ்டவசமாக மண்டபம் நிறைந்துவிட்டது, மஹ்தாப் அன்ரி. பிந்திப் பார்த்ததில் கணக்குப் பிழைத்துவிட்டது."



"பரவாயில்லை. அவ்வளவு பேர் வருகிறார்கள் என்றால் நல்லதுதானே" என்றார் மஹ்தாப். பிறகு, "என் கேள்வியை நீ கேட்பாயா?"

"பார்க்கிறேன்" என்றாள் ஆரபி.

தொலைபேசியை வைத்தபின் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள். நோர்வே நடத்திவைத்த இலங்கைப் பேச்சுவார்த்தைக் காலத்தில், காணாமல் போன தம்பியின் பெயரை ஒரு கடிதத்தில் எழுதிக்கொண்டு, பேச வந்தவர்களிடம் கொடுக்கலாம் என்று பேச்சு நடந்த இடத்தின் வாசலில் பனியில் நாலு மணித்தியாலம் நின்றுவிட்டுத் திரும்பியவர் அவர். "வாசலில் நிற்பவர்களை மறக்காத ஒருத்தியாக நான் இருப்பேன்" என்று முடித்திருந்தாள். நேர்முகத்தேர்வில் ஹன்னா அந்த வரியைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். இப்போது நினைக்க ஆரபிக்கு உடம்பெல்லாம் கூசியது.

கருத்தரங்கு நாளில் வெளியே கொட்டும் பனி. நூற்றிருபது நாற்காலி போட்டிருந்தார்கள். எண்பது பேர் வந்திருந்தால் அதிகம். முன்னாள் தூதர் பெண்களோடு கைகுலுக்கவில்லை. நெஞ்சில் கை வைத்துத் தலை சாய்த்தார். மிக இனிமையான மனிதர். ஆரபியின் பெயரைக் கேட்டார், பூர்வீகம் கேட்டார்.

"இலங்கையா? நாங்கள் உங்கள் தேயிலை குடிக்கிறவர்கள். எங்கள் பொறியியலாளர்கள் உங்கள் நாட்டில் அணை கட்டியிருக்கிறார்கள். அந்நியர் மூக்கை நுழைத்தால் ஒரு நாடு என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியாததா?"

"நன்றி" என்றாள் ஆரபி. எதற்கு நன்றி சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த நாட்டிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்தவர்களின் பிள்ளை, அந்த நாட்டின் பேரில் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அவருடைய கோப்பையில் தண்ணீர் ஊற்றினாள்.

புரட்சி எப்படி வந்தது, ஒரு தேசம் பெரிய வல்லரசுகளுக்குப் பணியாமல் எப்படி நாற்பத்தைந்து வருடம் நின்றது, அயல்நாடுகளோடு உறவு எப்படி மாறி வருகிறது என்றெல்லாம் அவர் நன்றாகவே பேசினார். கேள்வி நேரத்தில் ஒரு மாணவன் சிறைகளைப் பற்றிக் கேட்டான். அவர் கோபப்படவில்லை.

"எங்கள் நாட்டில் கருத்துச் சொன்னதற்காக யாரும் சிறையில் இல்லை. இருக்கிறார் என்றால் பெயரைச் சொல்லுங்கள். நான் குறித்துக்கொண்டு போகிறேன்."

அவர் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். யாரும் வாய் திறக்கவில்லை. மைக் ஆரபியின் கையில் இருந்தது. பெஹ்ரூஸின் முழுப்பெயர், அவர் படிப்பித்த பள்ளிக்கூடம், அவருடைய இரண்டு பிள்ளைகளின் வயது எல்லாம் அவளுக்குத் தெரியும். மைக்கை வாயருகே கொண்டுபோகாமலே நின்றாள். முன்வரிசையில் ஹன்னா குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நடுவிலிருந்து ஒருவர் கையை உயர்த்தினார். ஆரபி விறுவிறென்று நடந்துபோய் அவரிடம் மைக்கைக் கொடுத்தாள். அவர் கப்பல் காப்புறுதியைப் பற்றிக் கேட்டார். தூதர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெற்றோர் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். அப்பா வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"வடிவாச் செய்தனி, பிள்ளை. முழுக்க நேரலையிலை பாத்தனாங்கள். மஹ்தாபும் இஞ்சை வந்திருந்துதான் பாத்தவ. நீ வாறாய் எண்டு பிஸ்தா போட்ட இனிப்பும் கொண்டுவந்தவ."

ஆரபி கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"அது கிடக்க, மண்டபம் நிரம்பிப்போச்சு எண்டல்லோ அவவுக்குச் சொன்னனீ? கமரா திரும்பேக்கை பின்னுக்கு மூண்டு வரிசை சும்மா கிடந்ததே. நான் கேட்டனான் அவவை, ஏன் அப்பிடி எண்டு. நெருப்புப் பாதுகாப்புக்கு விட்டிருப்பினம், இந்த நாட்டிலை எல்லாத்துக்கும் ஒரு சட்டம்தானே எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போயிட்டா."

"சட்டம் ஒண்டும் இல்லை, அப்பா" என்றாள் ஆரபி. "அவவை வரவிட வேண்டாம் எண்டு அவையள் கேட்டவை. நான்தான் பொய் சொன்னனான்."

அப்பா ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்து, குடிக்காமலே திரும்ப வைத்தார்.

"போய் அவவிட்டைச் சொல்லு" என்றார். "சாப்பாடு பிறகு."

கீழ்த்தளக் கதவை மஹ்தாப் திறந்தார். ஆரபி நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் மஹ்தாப்.

"எப்போதிருந்து?"

"நீ 'துரதிர்ஷ்டவசமாக' என்று தொடங்கியபோதே. என் மேசையில் இருந்து படித்த பிள்ளை என்னோடு அப்படிப் பேசாது."

"அப்படியென்றால் அப்பாவிடம் ஏன் சட்டம் என்று..."

"அவர் உன்னைத் திரையில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வது?"

ஆரபிக்கு அழுகை வந்தது. மஹ்தாப் தேற்ற வரவில்லை.

"என் விஷயம் இருக்கட்டும். கராஜில் அண்ணியும் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போகப்போகிறேன் என்று முதலே சொல்லிவைத்திருந்தேன். அங்கே இணையம் அடிக்கடி அறுந்துபோவதால், இடமில்லை என்றதைச் சொல்ல அவளோடு தொடர்பு கிடைக்கவில்லை. அந்த மனிதன் பெயரைச் சொல்லுங்கள் என்றபோது, இப்போது உங்கள் மாமி எழும்புவார் பாருங்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டினாளாம். நான் எழும்பவில்லை. அன்றிரவு இதை எழுதி அனுப்பினாள். அதன்பிறகு என் அழைப்பை அவள் எடுப்பதில்லை. பாதுகாப்பான நாட்டில் இருந்துகொண்டும் நான் பயந்துவிட்டேன் என்று நினைக்கிறாள்."

"என்னை மன்னித்துவிடுங்கள், அன்ரி."

"உன் மன்னிப்பை வைத்து நான் என்ன செய்ய? அவளுக்குச் சொல். நான் பார்சியில் சொல்கிறேன்."

சமையலறையில் இருந்து குரல்பதிவு செய்தார்கள். எவருடைய பெயரும் வரக்கூடாது என்று மஹ்தாப் எச்சரித்தார். ஆரபி நோர்வேஜிய மொழியில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, மஹ்தாப் பார்சியில் சொன்னார். அன்று மைக்கோடு நின்றவள் நான். உங்கள் மைத்துனி வர இருந்தார். மண்டபத்தில் இடமில்லை என்று பொய் சொல்லி நிறுத்தியது நான். சொல்லவேண்டிய பெயர் எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை.

"நிறுவனத்தின் நிலைமை அப்படி இருந்ததால்..." என்று ஆரபி அடுத்ததைத் தொடங்கினாள்.

மஹ்தாப் பதிவை நிறுத்தினார். "அதை நான் சொல்லமாட்டேன்."

ஆரபி நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினாள். "பயந்தது அவர் இல்லை. நான்."

மறுநாள் அலுவலகத்தில், வெளியுறவு அமைச்சுக்குப் போகும் அறிக்கையில் ஒரு வரி சேர்த்தாள்: பதிவு செய்திருந்த ஒருவர், விருந்தினரின் கோரிக்கைக்கு இணங்கி, பொய்க் காரணம் சொல்லி விலக்கப்பட்டார். பூட்டிய அறையில் கைதிகள் விவகாரம் கடைசித் தலைப்பாக இருந்து, நேரம் போதாமல் கைவிடப்பட்டதையும் எழுதினாள். ஹன்னா அதை வெகுநேரம் வாசித்தார்.

"பொய் என்ற சொல் வேண்டுமா?"

"அது பொய்தானே."

ஹன்னா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்படியானால் சொல்லச் சொன்னது நான் என்றும் போடு" என்றார். அறிக்கை போனது. அதை யாரும் வாசித்ததாகத் தகவல் இல்லை.

இரண்டு நாள் கழித்து, வேலைக்குப் போகும் வழியில் பெற்றோர் வீட்டுக்கு வந்துபோன ஆரபியை மஹ்தாப் மாடிப்படியில் நிறுத்தினார். அண்ணியிடமிருந்து பதில் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை அழைப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறாள், பிள்ளைகளும் கதைப்பார்களாம். அண்ணனைச் சிறை வைத்தியரிடம் ஒருதடவை காட்டிவிட்டு அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள்.

"எனக்கு ஏதாவது சொன்னாரா?" என்று ஆரபி கேட்டாள். கேட்டிருக்கக்கூடாது என்று உடனே தோன்றியது.

"உனக்கு ஒன்றும் சொல்லவில்லை" என்றார் மஹ்தாப். மருந்துக்கடைச் சீருடையின் மேல் குளிர்ச்சட்டையைப் பூட்டிக்கொண்டு, அவளுக்கு முன்னால் படியிறங்கிப் போனார்.

ஆரபி ரயில் நிலையத்துக்கு நடந்தாள். மேடையில் பாதி வாசித்த பத்திரிகையோடு யாரோ ஒருவர் நகர்ந்து அவளுக்கு இருக்கையில் இடம் விட்டார். அவள் உட்காரவில்லை. ரயில் வரும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.